12 மீட்டர் சப்வூஃபர் கேபிள்: மூன்று வருடம் கழித்து

ஹோம் தியேட்டர் ரிசீவர் (ஆம்ப்ளிஃபையர் பெட்டி) டிவிக்குக் கீழே இருக்கிறது, சப்வூஃபர் (பேஸுக்கான தனி ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) சோஃபாவுக்குப் பின்னால் மூலையில். சுவரோரமாகக் கொண்டுபோனால் 12 மீட்டர். இவ்வளவு தூரத்தில் பேஸ் குறைந்துவிடுமோ என்றுதான் அப்போது பயந்தேன். பேஸ் குறையவே இல்லை. தொல்லை கொடுத்தது இரைச்சல்.

முதலில் போட்டது மெல்லிய ரெடிமேட் ஆர்சிஏ (ஒற்றைப் பின் ஆடியோ பிளக்) கேபிள். படம் ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தினால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். சப்பின் ஆட்டோ ஸ்டாண்ட்பை (சிக்னல் இல்லாவிட்டால் தானே தூங்கப்போகும் வசதி) அந்த முனகலையே சிக்னல் என்று எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடக்கும். பச்சை விளக்கு அணைந்ததே இல்லை.

சப் பக்கம் கேபிளைப் பிடுங்கினேன், சத்தம் நின்றது. மறுபடி மாட்டிவிட்டு, ரிசீவரோடு சேர்ந்திருந்த கேபிள் டிவி ஒயரைக் கழற்றினேன், பாதிக்கு மேல் போய்விட்டது. ஆக, கிரவுண்ட் லூப்: இரண்டு கருவிகளின் எர்த்தும் இடையில் உள்ள கேபிளும் சேர்ந்து ஒரு வளையமாகி, அதில் ஓடும் மின்னோட்டம் இரைச்சலாகக் கேட்பது. ரிசீவரும் சப்பும் வெவ்வேறு பிளக் பாயிண்டில் இருந்தன. இரண்டையும் ஒரே பாயிண்டுக்குக் கொண்டுவந்ததில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. எர்த் பின்னை வெட்டிவிடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அதுதான்.

மிச்சத்தைத் தீர்த்தது கேபிள். செம்புப் பின்னல் ஷீல்டு (உள் கம்பியைச் சுற்றிய உலோக உறை) உள்ள ஆர்ஜி6 (கேபிள் டிவிக்குப் போடும் வகை கோஆக்சியல் ஒயர்) வாங்கி, இரண்டு முனையிலும் ஆர்சிஏ கம்ப்ரஷன் கனெக்டர் போட்டேன். ஷீல்டின் மின்தடை எவ்வளவு குறைவோ, லூப்பில் ஓடும் மின்னோட்டம் அவ்வளவு குறைவாகத்தான் இரைச்சலாக மாறும். இப்போது படம் முடிந்த கொஞ்ச நேரத்தில் விளக்கு சிவப்பாகி, சப் தூங்கிவிடுகிறது.

நீளத்துக்குப் பயப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. கேபிளின் கெப்பாசிட்டன்ஸ்தான் (மின்னேற்பு) உயர் அதிர்வெண்களைக் குறைக்கும்; ஆர்ஜி6க்கு அது மீட்டருக்குச் சுமார் 53 பிகோஃபாரட், 12 மீட்டருக்கு 640 பக்கம். ரிசீவரின் அவுட்புட் இம்பீடன்ஸை (வெளியீட்டு மின்தடையை) 1 கிலோ ஓம் என்று வைத்தாலும் சிக்னல் 3 டெசிபல் சரிவது 250 கிலோஹெர்ட்ஸ் அருகில்தான். சப்புக்குப் போகும் பேஸ் தடமான எல்எஃப்இ சேனலோ 120 ஹெர்ட்ஸோடு முடிகிறது. 'சப்வூஃபர் ஸ்பெஷல்' என்று அச்சடித்த விலையுயர்ந்த கேபிளுக்கு இங்கே என்ன வேலை?

குறை ஒன்று உண்டு. ஆர்ஜி6 விறைப்பு. சப்பைச் சுவரோடு தள்ளினால் கேபிள் வளையாமல் பிளக்கை நெம்புகிறது. ஒரு வருடத்தில் ஜாக் லேசாக ஆட ஆரம்பித்தது. அப்புறம் ஒரு சாண் இடம் விட்டு வைத்தேன். இன்னொரு சப் வாங்கினால் செம்புப் பின்னல் ஆர்ஜி59தான், அது கொஞ்சம் மெலிசு, வளைக்கவும் சுலபம்.