மருத்துவ விலக்குக்காக ஆறு மாதங்கள்: அமெரிக்க ராணுவ அகாடமிச் சேர்க்கை நடைமுறை குறித்து ஒரு தாயின் மதிப்பீடு

எங்கள் மகள் பள்ளி இறுதியாண்டில் ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரிகளான அமெரிக்க ராணுவ அகாடமிகளில் இரண்டுக்கு விண்ணப்பித்தாள். மதிப்பெண்களிலும் உடற்தகுதித் தேர்விலும் அவளுக்குக் குறை இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் பரிந்துரையும் டிசம்பரில் கிடைத்துவிட்டது. ஆனால் ‘வெய்வர்’ என்று எல்லோரும் சொல்லும் மருத்துவ விலக்குக்காக, அதாவது மருத்துவத் தரத்தில் குறை இருந்தும் சேர்த்துக்கொள்வதற்கான அனுமதிக்காக, அக்டோபர் நடுவிலிருந்து ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை காத்திருந்தோம். அந்த ஆறு மாதங்களில் எது நன்றாக நடந்தது, எங்கே எங்களைத் தவிக்கவிட்டார்கள் என்பதை, இதே வழியில் செல்ல நினைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது புரியாததால் நாங்கள் முதல் மாதத்தை வீணாக்கினோம். விண்ணப்பதாரரின் உடல்நிலையைப் பரிசீலிப்பது ‘டாட்மெர்ப்’ எனப்படும் பாதுகாப்புத் துறையின் மருத்துவப் பரிசீலனை வாரியம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமி வளாகத்தில் இயங்கும் இந்த வாரியம், வெஸ்ட் பாயிண்ட் (தரைப்படை), அனாபொலிஸ் (கடற்படை) உள்ளிட்ட ஐந்து அகாடமிகளுக்கும், சாதாரணக் கல்லூரியில் படித்தபடியே ராணுவ அதிகாரிப் பயிற்சி பெறும் ஆர்.ஓ.டி.சி. திட்டத்தின் உதவித்தொகைகளுக்கும் பொதுவானது. பாதுகாப்புத் துறையின் 6130.03 எண் கொண்ட அறிவுறுத்தலில் உள்ள தரங்களோடு ஒப்பிட்டு, விண்ணப்பதாரர் தகுதி உடையவரா இல்லையா என்று சொல்வதோடு அதன் வேலை முடிகிறது. விலக்கு தரும் அதிகாரம் வாரியத்திடம் இல்லை. அது அந்தந்த அகாடமியிடம் இருக்கிறது. ஆகவே ஒரே நோய்க்குறிப்புக்கு ஓர் அகாடமி விலக்கு மறுப்பதும் இன்னோர் அகாடமி வழங்குவதும் நடக்கக்கூடியதே. எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

பரிசோதனையைப் பொறுத்தவரை எனக்குக் குறை எதுவும் இல்லை. பொது உடற்பரிசோதனை ஒரு நாளிலும் கண் பரிசோதனை இன்னொரு நாளிலும், வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்த தனியார் மருத்துவர்களிடம் நடந்தன. அவற்றுக்கு நாங்கள் கட்டணம் எதுவும் செலுத்தவில்லை. மகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் பொறுமையாகக் கேட்டார்கள்.

சிக்கல் அவளுடைய பழைய மருத்துவ வரலாற்றில் இருந்தது. 14 வயதில், கோடை விடுமுறைக்குக் கும்பகோணத்தில் அவளுடைய பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, சளி முற்றி வீசிங் (மூச்சிரைப்பு) வந்தது. அங்கிருந்த மருத்துவர் இரண்டு நாள் நெபுலைசர் வைத்து, ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார், சரியாகிவிட்டது. அமெரிக்கா திரும்பியதும் குழந்தை மருத்துவரிடம் இதைச் சொன்னோம். அவர் முன்னெச்சரிக்கையாக ஓர் இன்ஹேலர் எழுதிக்கொடுத்து, கோப்பில் ‘ஆஸ்துமா’ என்று பதிந்துவிட்டார். அந்த இன்ஹேலரை அவள் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆனால் மேற்சொன்ன அறிவுறுத்தலின்படி, 13 வயது நிறைந்த பிறகு ஆஸ்துமாவோ அதை ஒத்த மூச்சுக்குழாய்ச் சுருக்கமோ இருந்திருந்தால் அது தகுதியின்மைக்குப் போதுமான காரணம். இரண்டு ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் உறவினர் பலர் எங்களுக்கு ஒரே யோசனையைச் சொன்னார்கள்: “இந்தியாவில் நடந்தது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது, எழுதாமல் விட்டுவிடுங்கள்.” என் கணவரின் தம்பி இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து வற்புறுத்தினார். மகள் மறுத்துவிட்டாள். பொய் சொல்லமாட்டேன், ஏமாற்றமாட்டேன், திருடமாட்டேன், அப்படிச் செய்பவரைச் சகித்துக்கொள்ளவும் மாட்டேன் என்பது வெஸ்ட் பாயிண்ட் கடெட்டுகளின், அதாவது பயிற்சி மாணவர்களின், நெறி. அப்படிப்பட்ட இடத்துக்குப் பொய் எழுதிய படிவத்தோடு எப்படிப் போவது, சித்தப்பா என்று அவரிடமே கேட்டாள். நெறியை ஒரு பக்கம் வைத்துவிட்டு நடைமுறையாகப் பார்த்தாலும், மறைத்தது பின்னாளில் தெரியவந்தால், படிப்பின் நடுவிலேயே வெளியேற்றப்படும் நிலைகூட வரலாம். நம் சமூகத்தில் நோயை மறைக்கும் பழக்கத்துக்குத் திருமணப் பேச்சு முதல் பல காரணங்கள் உண்டு. இந்தப் படிவத்தில் அந்தப் பழக்கம் வேண்டாம் என்பதை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாரியத்தின் தகுதியின்மைக் கடிதம் அக்டோபர் நடுவில் வந்தது. அதைப் படித்த அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அது முடிவான மறுப்பு அன்று, பரிசீலனையின் தொடக்கம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. காரணம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது, விலக்குப் பரிசீலனை பற்றிய குறிப்பும் இருந்தது என்பதை இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தோம். அகாடமிகளைப் பொறுத்தவரை விலக்கு கேட்டு விண்ணப்பதாரர் மனுச் செய்ய முடியாது. சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் போட்டியில் முன்னிற்கிறார் என்று அகாடமி கருதினால், அதுவே மருத்துவக் கோப்பை எடுத்துப் பார்க்கும். ஆகவே காத்திருக்கும் காலத்தில் மகள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வகுப்புகளில் தளராமல் இருப்பதும், இன்னொரு முறை தேர்வு எழுதி மதிப்பெண்ணை உயர்த்துவதுமே. அதை அவள் செய்தாள்.

நவம்பரில் கூடுதல் ஆவணங்களும் நுரையீரல் செயல்திறன் சோதனையும் கேட்டார்கள். இங்குள்ள குழந்தை மருத்துவமனை பழைய கோப்பின் நகலைத் தர ஆறு வாரம் எடுத்துக்கொண்டது. நான் நேரில் போய் நின்ற பிறகுதான் அது கைக்கு வந்தது; அதிலும் இரண்டு பக்கங்கள் விடுபட்டிருந்தன. கும்பகோணத்தில் இருந்ததோ ஒரு மருந்துச் சீட்டு மட்டுமே. அதை என் மாமியார் பழைய ரசீதுகளோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு அவர் அந்த மருத்துவரைப் பார்க்கப் போனார். மருத்துவர் தம் பதிவேட்டைப் புரட்டித் தேதிகளைக் கண்டுபிடித்து, என்ன மருந்து, எத்தனை நாள், மூச்சு எப்போது சீரானது என்பதையெல்லாம் தம் கடிதத்தாளில் ஆங்கிலத்தில் எழுதி, பதிவு எண்ணோடு கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்துக் கொடுத்தார். மறுநாளே அது எங்கள் கைப்பேசிக்கு வந்துவிட்டது. பணம் வாங்க மறுத்துவிட்டார். இந்த நடைமுறை முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த சேவைகளில் மிகச் சிறந்தது அதுதான்.

சோதனையை நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் எங்கள் காப்பீட்டின் மூலம் செய்துகொண்டோம். முதலில் மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி, பிறகு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும் மருந்தான மெத்தகோலினைக் கொண்டு செய்யும் சோதனை. மெத்தகோலின் ஆவியைச் சிறிது சிறிதாகச் செறிவு கூட்டி இழுக்கச் சொல்லி, ஒவ்வொரு படியிலும் முதல் நொடியில் எவ்வளவு காற்றை வெளிவிட முடிகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவு 20 சதவீதம் குறைந்தால் மூச்சுக்குழாய் அதிகமாகச் சுருங்குகிறது என்று பொருள். மகளுக்குக் கடைசிப் படிவரை அப்படிக் குறையவில்லை. இதைச் செய்துகொள்ளப் போகிறவர்கள், சளி பிடித்திருக்கும் வாரத்தில் போகாதீர்கள். தேதியைத் தள்ளிப் போடுவதே நல்லது. நாங்கள் ஒரு முறை தள்ளிப் போட்டோம்.

டிசம்பர் இறுதியில் எல்லா ஆவணங்களும் போய்ச் சேர்ந்தன. அதன் பிறகு வந்த அமைதிதான் என்னுடைய ஒரே பெரிய குறை. விண்ணப்பித்த இரண்டு அகாடமிகளில் ஒன்று, பிப்ரவரியில் விலக்கு மறுக்கப்பட்டது என்று சுருக்கமாகத் தெரிவித்தது. வருத்தமாக இருந்தாலும் அது ஒரு பதில். மற்றதின் விண்ணப்பப் பக்கத்தில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஒரே வரி இருந்தது: பரிசீலனையில் உள்ளது. கோப்பு மருத்துவரின் மேசைக்குப் போய்விட்டதா, அல்லது சேர்க்கைக் குழு இன்னும் அனுப்பவே இல்லையா என்பதை அறிய வழியில்லை. இந்த இரண்டுக்கும் வேறுபாடு பெரியது. கோப்பு அனுப்பப்படவில்லை என்றால் மகளின் போட்டி நிலை போதவில்லை என்று பொருள் கொண்டு, வேறு கல்லூரிகளில் மனத்தைச் செலுத்தியிருக்கலாம். 17 வயதுப் பெண் ஒவ்வொரு மாலையும் பயிற்சி ஓட்டம் முடித்து வந்து, வியர்வை துடைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை நூறு நாளுக்கு மேல் பார்த்தவள் நான். மாதம் ஒரு முறை, கோப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அதற்கு அதிகச் செலவும் ஆகாது.

அந்த நாட்களில், கட்டணம் பெற்று விலக்குக்கு ஆலோசனை தரும் தனியார் ஒருவரையும் அணுகினோம். அவரால் முடிவை விரைவுபடுத்த முடியாது என்பதை முதல் உரையாடலிலேயே நேர்மையாகச் சொன்னார். ஆவணங்களைத் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் அது எதை நிறுவுகிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னது மட்டும் பயனுள்ள அறிவுரை. கடிதத்தை நிதானமாகப் படிக்கக்கூடிய குடும்பத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

விலக்கு வழங்கப்பட்ட செய்தி ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் வந்தது. சேர்க்கைக் கடிதம் நான்கு நாள் கழித்து வந்தது. கல்லூரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டிய மே 1-க்கு அப்போது ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். அது திரும்பி வராது. அதற்காக நான் வருந்தவில்லை. காத்திருக்கும் குடும்பங்கள் எல்லோரும் அப்படி ஓர் இடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றே சொல்வேன்.

எங்கள் இளைய மகன் இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். அக்காவைப் போலவே போக வேண்டும் என்கிறான். சென்ற வாரம் அவனுடைய மருத்துவக் கோப்பின் முழு நகலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். பருவகாலத் தும்மலுக்காகப் போன ஒரு நாளின் குறிப்பில், யாரும் சோதித்துப் பார்க்காமலேயே ‘ஆஸ்துமா இருக்கலாம்’ என்று ஒரு சொல் ஏறியிருந்தது. மருத்துவரிடம் திருத்தம் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பித்திருக்கிறேன். கும்பகோணம் மருத்துவரின் கடிதத்தின் மூலப்படியை அதே கோப்புறையில் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.