கிளட்ச் கார்கோ: அசையாத முகத்தில் அசையும் உதடு

1959-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுத்த 'கிளட்ச் கார்கோ' என்ற கார்ட்டூன் தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லாரும் முதலில் சொல்வது அந்த உதடுகளைத்தான். படத்தில் இருக்கிற ஆள் அசையமாட்டார், கண் இமைப்பதுகூட அபூர்வம், ஆனால் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிஜ மனித வாய், உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு, பல் தெரியப் பேசிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும். ஸ்பின்னர் என்கிற சின்னப் பையன் பேசும்போது இன்னும் மோசம், ஏனென்றால் அந்தப் பிஞ்சு முகத்தில் அசைவது வளர்ந்த ஒரு பெண்ணின் உதடு. சில இடங்களில் உதடு தாடையோடு சரியாகப் பொருந்தாமல் லேசாக நழுவி நிற்கும், அதைக் கவனித்துவிட்டால் வசனத்தில் மனம் போகாது.

ஆனாலும் இந்தத் தொடரைப் பார்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

அந்த உதடு அங்கே வந்ததற்குக் காரணம் பணம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது ஃபிரேம்கள், ஓடும். ஒரு படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியம், அப்படியென்றால் ஐந்து நிமிடத்துக்கு 3600 ஓவியம் வரைய வேண்டும். தியேட்டருக்குப் படம் எடுத்த பெரிய ஸ்டூடியோக்களால் அது முடிந்தது, தினசரி ஒளிபரப்புக்கு யாராலும் முடியாது. 1950-லேயே 'க்ருசேடர் ராபிட்' மாதிரித் தொடர்கள் ஓவியங்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டு வந்துவிட்டன. கிளட்ச் கார்கோவை உருவாக்கிய கிளார்க் ஹாஸும் அவருடைய கேம்ப்ரியா நிறுவனமும் அதைவிட ஒரு படி மேலே போய், வாயசைப்பைக்கூட வரைவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஒளிப்பதிவாளர் எட்வின் ஜில்லெட் விளம்பரங்களில் விலங்குகளைப் பேசவைப்பதற்காகக் கண்டுபிடித்த 'சிங்க்ரோ-வாக்ஸ்' என்ற முறை கையில் இருந்தது. குரல் கொடுப்பவரின் வாயை மட்டும் படம்பிடித்து, அதை அசையாத ஓவியத்தின் மேல் ஏற்றிவிடுவார்கள். வரையும் வேலை பெருமளவு குறைந்துபோனது.

வாய் போக மற்றதையெல்லாம் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு இந்தத் தொடரில் ரொம்பப் பிடித்தது. விமானம் பறக்க வேண்டுமா, வரைந்து வெட்டியெடுத்த விமானத்தை வான ஓவியத்தின் முன்னால் நகர்த்துகிறார்கள். அந்த விமானத்தின் இறக்கையில் ஒரு கோடுகூட மாறுவதில்லை, ஆனால் முழு உருவமும் லேசாக ஏறி இறங்குவதால் காற்றில் மிதப்பதாகவே தோன்றுகிறது. வெடிச் சத்தமா, கேமராவையே ஆட்டிவிடுகிறார்கள். புகை வேண்டுமென்றால் புகையை வரைவதில்லை, நிஜப் புகையையே விடுகிறார்கள், அது ஓவியத்தின் மேல் சுருண்டு போகும்போது தட்டையான அந்தப் படத்துக்குத் திடீரென்று ஓர் ஆழம் வந்துவிடுகிறது. உள்ளதை வைத்து ஒப்பேற்றினார்கள் என்று சொல்லலாம், ஆனால் ஏனோதானோ என்று செய்யவில்லை. பின்னணி ஓவியங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள், செய்தித்தாள் சித்திரக்கதையின் அழுத்தமான கோடு, நல்ல கறுப்பு. ஓவியம் பல நொடிகள் அப்படியே திரையில் நிற்கப்போகிறது என்பதால் அது நன்றாக இருந்தாக வேண்டிய கட்டாயம்.

சரி, கதை என்ன? கிளட்ச் கார்கோ ஓர் எழுத்தாளர், விமானி, நரைத்த தலையும் வலுவான தோளுமாக இருப்பவர். ஸ்பின்னர் அவர் பொறுப்பில் வளரும் பையன், கூடவே பேடில்ஃபுட் என்ற டாக்ஸண்ட் நாய். யாராவது உதவி கேட்பார்கள், மூவரும் கிளம்புவார்கள், ஆபத்து வரும், தப்பிப்பார்கள். இவ்வளவுதான், இதற்குமேல் கதையில் தேட வேண்டாம்.

தொடரைத் தூக்கி நிறுத்துவது ஒலி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாகம் கேட்டுப் பாருங்கள், ஒன்றுமே குறையாது. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டுப் பழகியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கிளட்சுக்குக் குரல் கொடுத்த ரிச்சர்ட் காட்டிங் பதற்றமே இல்லாமல், அடித்தொண்டையில், நிதானமாகப் பேசுகிறார், அந்த நிதானத்தில்தான் ஆபத்து எவ்வளவு பெரிது என்று நமக்கு உறைக்கிறது. ஸ்பின்னருக்கும் நாய்க்கும் சேர்த்துக் குரல் மார்கரெட் கெர்ரி. 1953-இல் வந்த டிஸ்னியின் 'பீட்டர் பேன்' படத்தில் டிங்கர் பெல் தேவதையை வரைவதற்கு மாதிரியாக நடித்துக் காட்டியவர் இவர்தான். அங்கே ஓவியர்கள் இவருடைய முழு உடலசைவையும் பார்த்து ஒவ்வொரு படமாக வரைந்தார்கள், இங்கே இவருடைய வாயை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஆளை வைத்து இரண்டு நிறுவனங்கள் செய்த வேலையைப் பார்த்தாலே அந்தக் காலத்தில் சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்கும் இருந்த பண வித்தியாசம் விளங்கிவிடும்.

இசை பால் ஹார்ன். ஜாஸ் புல்லாங்குழல் கலைஞர், பிற்பாடு 1968-இல் தாஜ் மஹாலுக்குள் தனியாக வாசித்து அந்த எதிரொலியோடு பதிவு செய்தாரே, அதே ஆள்தான். வாத்தியக் குழுவுக்குக் காசில்லாத இடத்தில் பாங்கோஸ், வைப்ரஃபோன், புல்லாங்குழல் என்று கைக்கு அடங்கிய வாத்தியங்களை வைத்தே முடித்திருக்கிறார். துரத்தல் காட்சியில் திரையில் எதுவும் ஓடுவதில்லை, ஓடுவது பாங்கோஸ் தாளம் மட்டும், நமக்கு நெஞ்சு படபடக்கிறது! இன்றைக்கு வருகிற குழந்தைகள் தொடர்களில் நொடிக்கொரு சத்தத்தைக் கொட்டுகிறார்கள். அதைக் கேட்ட காதுக்கு இந்த மூன்று வாத்தியங்களும் அவற்றுக்கு நடுவே விடுகிற மௌனமும் பெரிய ஆறுதல்.

குறைகளும் இருக்கின்றன, பெரிய குறைகளே இருக்கின்றன. காட்டுக்குப் போகிற கதைகளில் பழங்குடி மக்களைக் காட்டியிருக்கும் விதம் இன்றைக்குச் சகிக்கும்படி இல்லை, தலைவெட்டிகள், கொச்சைப் பேச்சு, கிளட்ச் போய்த்தான் எல்லாம் சரியாகிறது. அந்தக் காலத்துச் சாகசக் கதைகள் பலவற்றிலும் இது உண்டு என்பது உண்மைதான், அதற்காக இதை விட்டுவிட முடியாது. குழந்தைகளுக்குப் போட்டுக்காட்டுவதாக இருந்தால் அந்தக் கதைகளைத் தள்ளிவிடுங்கள், அல்லது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொரு சங்கதி, இதைத் தொடர்ந்து பார்க்கக் கூடாது. மொத்தம் 52 கதைகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடப் பாகங்கள் ஐந்தாகப் பிரிந்திருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஒன்றாகப் போட்டு, வேண்டுமானால் வார இறுதியில் அரைமணி நேரமாகச் சேர்த்தும் போடலாம் என்கிற கணக்கு. ஒவ்வொரு பாகமும் ஓர் இக்கட்டில் முடிவதால், ஒரு நாள் இடைவெளி விட்டால்தான் அதற்கு வேலை. வரிசையாகப் போட்டுப் பார்த்தால் இரண்டாவது கதையிலேயே அலுத்துவிடும், ஒரே கேமரா ஆட்டம், ஒரே விமானம். தினம் ஒன்று பாருங்கள், ஒரு வாரத்துக்கு ஒரு கதை போதும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்கும், பெரியவர்களைவிட வேகமாகவே. உடன் பார்த்த ஏழு வயதுப் பிள்ளை முதல் பாகத்தில் "வாய் மட்டும் ஏன் தனியா இருக்கு?" என்று கேட்டது, அடுத்த பாகத்தில் நாயைப் பற்றி மட்டும்தான் கேட்டது. பெரியவர்களுக்கு உதட்டை மறக்க நேரமாகும். 1994-இல் வந்த 'பல்ப் ஃபிக்‌ஷன்' பார்த்தவர்களுக்கு இது ஏற்கெனவே அறிமுகம், அதில் சிறுவன் புட்ச் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

இது பிடித்துப்போனால் அப்புறம் அதே கேம்ப்ரியா 1962-இல் தொடங்கிய 'ஸ்பேஸ் ஏஞ்சல்' பக்கம் போங்கள். சித்திரக்கதை உலகில் பெரிய பெயரான அலெக்ஸ் டோத் அதில் வேலை செய்திருக்கிறார், விண்கலங்களிலும் முகங்களிலும் நிழலை அவர் தீட்டியிருக்கும் இடங்களைப் பார்க்கவே அந்தத் தொடருக்கு நேரம் ஒதுக்கலாம். உதடுகள் அங்கேயும் இதே முறையில்தான் வருகின்றன, ஆனால் அதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும்.