ஃபிக்ஸட் கியர் பின் பல்சக்கரமும் லாக்ரிங்கும்: எதை வாங்கலாம், எப்படி மாட்டலாம்

ஃபிக்ஸட் கியர் சைக்கிள் கட்டுபவர்கள் செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது பின் பல்சக்கரத்தில்தான். பல் வெட்டிய இரும்பு வட்டம், எதை வாங்கினால் என்ன என்று தோன்றிவிடுகிறது. ஆனால் மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியே சுழலவிடும் ஃப்ரீவீல் இல்லாத, சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும் இந்த வண்டியில், முன்னால் மிதிக்கும் விசையும் பெடலைப் பின்னுக்கு அழுத்தி வேகம் குறைக்கும் விசையும் சக்கரத்தின் நடுப் பாகமான ஹப்பில் இருக்கும் சில மில்லிமீட்டர் அலுமினிய மரையில்தான் வந்து இறங்குகின்றன. நல்ல ஃபிரேமில் மட்டமான பல்சக்கரம் மாட்டுவதைவிட, சுமாரான ஃபிரேமில் நல்ல பல்சக்கரமும் லாக்ரிங்கும் மாட்டுவதே மேல்.

கடைகளில் மூன்று வகை கிடைக்கின்றன: ஹப்பில் நேரடியாக மரையில் ஏறி, லாக்ரிங் என்ற பூட்டு வளையத்தால் பூட்டப்படும் வழக்கமான வகை, மரையில் ஏறும் ஒரு தாங்கியின் மேல் பல்சக்கரம் மட்டும் தனியாகச் செருகப்படும் வகை, டிஸ்க் பிரேக் ஹப்பில் ஆறு போல்ட் போட்டு முடுக்கும் வகை. பெரும்பாலானவர்களுக்குத் தேவை முதல் வகைதான்.

வாங்கும்போது பற்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் பல்சக்கரத்தைத் திருப்பி உள்பக்க மரை எவ்வளவு அகலம் என்று பாருங்கள். மலிவானவற்றில் பல் இருக்கும் தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் மரை. நல்லவற்றில் தகட்டின் ஒரு பக்கம் கழுத்துபோல நீண்டு, ஹப்பின் மரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும் சுற்றுகள் கூடினால் ஒவ்வொரு சுற்றின் மீதும் விழும் பாரம் குறையும், அலுமினியம் உரியாது. ஷிமானோ டூரா-ஏஸ் 7600 வரிசைப் பல்சக்கரத்தை இந்த விஷயத்தில் அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம். எஃகு, அகல மரை, துல்லியமான வெட்டு; ஜப்பானின் கெய்ரின் பந்தயத்துக்கான என்ஜேஎஸ் அங்கீகாரமும் உண்டு. பந்தயப் பாதைக்கென்றே வந்த பொருள் என்பதால் சிறிய பல் எண்ணிக்கைகளே கிடைக்கும் என்பது ஒன்றுதான் குறை. ஏற்றம் நிறைந்த சாலையில் ஓட்டுபவர்கள் பெரிய பல்சக்கரத்துக்கு வேறு தயாரிப்பைத் தேட வேண்டியிருக்கும். அப்போதும் மரை அகலமே முதல் கேள்வி.

லாக்ரிங்கில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பல்சக்கரத்தின் மரை 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று, வழக்கமான வலது மரை. லாக்ரிங்கின் மரை இடது. பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது பல்சக்கரம் கழலப் பார்க்கும். அது உரசித் தள்ளும் அதே திசையில்தான் இடது மரை லாக்ரிங் இறுகும். அதனால்தான் இந்த ஜோடி நிலைக்கிறது. சிக்கல் விட்டத்தில் வருகிறது: ஆங்கில, ஜப்பானிய வகை லாக்ரிங் 1.29 அங்குலம், இத்தாலிய வகை 1.32. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்தான். 1.32 லாக்ரிங்கை 1.29 ஹப்பில் போட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும், ஸ்பேனரால் திருப்பினால் இறுகியதுபோலவும் தெரியும். மரையின் நுனி மட்டுமே பிடித்திருப்பதால் முதல் பலமான பின்னழுத்தத்தில் கையோடு வந்துவிடும். எனவே ஹப் எந்த வகை என்று உறுதி செய்தபின், அதற்கேற்ற எஃகு லாக்ரிங்கையே வாங்குங்கள். அலுமினிய லாக்ரிங்கில் மிச்சமாகும் எடை சில கிராம்தான். ஸ்பேனர் பிடிக்கும் காடிகளோ இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டியதும் மழுங்கிவிடும்.

சாதாரண ஃப்ரீவீல் ஹப்பில் பல்சக்கரத்தை ஏற்றி, பழைய பெடல் அச்சின் லாக்ரிங்கைப் போட்டு ஃபிக்ஸட் ஆக்கும் வழக்கம் ஒன்று உண்டு. இரண்டும் ஒரே திசை மரை. பல்சக்கரம் கழலும்போது லாக்ரிங்கையும் சேர்த்தே கழற்றிக்கொண்டு போகும். முன் பிரேக்கும் இல்லாத வண்டியில் இதைச் செய்யவே கூடாது.

மாட்டும் முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம், ஏனென்றால் மரை போன ஹப்புகளில் பல, மாட்டிய நாளிலேயே பழுதானவை. ஹப் மரையையும் பல்சக்கர மரையையும் பழைய பல்துலக்கும் பிரஷும் டிகிரீஸரும் கொண்டு கழுவித் துடையுங்கள். மணல் துகள் ஒன்று இருந்தாலும் அது அலுமினியத்தைக் கீறும். இரண்டிலும் மெல்லிய கிரீஸ் தடவுங்கள். காய்ந்த மரை முழுதாக இறுகுவதற்கு முன்பே பிடித்துக்கொள்ளும், பின்னாளில் கழற்றவும் விடாது. கருவி தொடாமல் கையாலேயே குறைந்தது மூன்று சுற்று ஏற்றுங்கள். நடுவில் சிக்கினால் பலம் போடாதீர்கள். பின்னுக்குத் திருப்பி, மரை நேராக உட்கார்ந்த பிறகு மறுபடி ஏற்றுங்கள். பிறகு செயின் விப் (பல்சக்கரத்தைப் பிடித்துத் திருப்ப, செயின் துண்டு கோத்த கைப்பிடி) கொண்டு உடல் எடையைப் போட்டு முடுக்குங்கள். 1/8 அங்குலப் பல்சக்கரமென்றால் செயின் விப்பும் அந்த அகலச் செயின் கொண்டதாக இருக்க வேண்டும், 3/32 செயின் பற்களில் இறங்காது.

அடுத்து லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால் பூட்டி, சக்கரத்தை வண்டியில் மாட்டுங்கள். பிரேக் இருக்கும் வண்டியில், பின்னழுத்தம் எதுவும் தராமல், ஒரு ஏற்றத்தில் எழுந்து நின்று பலமாக மிதித்து ஏறுங்கள். கால் தரும் முறுக்கு விசை செயின் விப்பைவிட அதிகம். பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அந்த நொடியில் லாக்ரிங்குக்கும் அதற்கும் இடையே இடைவெளி விழுந்துவிடும். திரும்பி வந்து லாக்ரிங்கை மறுபடி முடுக்கினால்தான் வேலை முடிந்தது. பலர் தவறவிடும் படி இதுதான். முதல் வாரத்தின் முடிவிலும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். சரியான லாக்ரிங் இருக்கும்போது மரைப் பசை தேவையில்லை.

செயின் விப் இல்லாதவர்கள் செயினைப் பல்சக்கரத்திலும் பெடல் அச்சுக் கூட்டிலும் சுற்றி, சக்கரத்தையே நெம்புகோலாக்கி முடுக்குவார்கள். பிடி பிரமாதமாக இருக்கும். தடித்த துணி சுற்றாவிட்டால் பெயின்ட் போய்விடும். கார்பன் ஃபிரேமில் வேண்டவே வேண்டாம்.

கோளாறு வருவதற்கு முன் வண்டி சொல்லிவிடும். பெடலை முன்னும் பின்னும் அசைக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னத் தளர்வு தெரிந்தால் அன்றைக்கே இறங்கிப் பாருங்கள். கிராங்க் (பெடல் தண்டு) போல்ட், செயின்வீல் (முன் பல்சக்கரம்) போல்ட் இரண்டிலும் இதே சத்தம் வரலாம் என்பதால் முதலில் அவற்றை முடுக்குங்கள். சத்தம் போகவில்லையென்றால் பல்சக்கரம்தான். கழற்றும்போது கிரீஸில் வெள்ளி நிறச் சுருள்கள் கலந்திருந்தால் அது ஹப்பின் அலுமினியம். மரை உரியத் தொடங்கிவிட்டது. புதுப் பல்சக்கரம் போட்டாலும் அந்தப் பக்கத்தை நம்பி ஓட்ட வேண்டாம். லாக்ரிங்கை வலஞ்சுழியாகத் திருப்பினால் கழலும் என்பதை மறந்து, வழக்கமான திசையில் தம்கட்டி இழுத்துக் காடியை உடைப்பவர்களும் நிறைய.

பல் எண்ணிக்கையைத் தேர்வு செய்யும்போது டயரையும் கணக்கில் எடுங்கள். சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கி நிறுத்துபவர்களுக்கு 48க்கு 16 (முன்னால் 48 பல், பின்னால் 16) மிக மோசமான ஜோடி: சுருக்கினால் 3க்கு 1, அதாவது டயர் எப்போதும் ஒரே இடத்தில்தான் தேயும். 46க்கு 16 என்றால் 23க்கு 8, எட்டு இடங்கள். 47க்கு 17 சுருங்காது, பதினேழு இடங்கள். சுருக்கிய பின் முன் எண் ஒற்றைப்படையாக இருந்து, எந்தக் காலை முன்வைத்தும் சறுக்கத் தெரிந்தால் இடங்கள் இரட்டிப்பாகும். ஒரு பல்லைக் கூட்டிக் குறைத்தால் போதும், டயர் பல மடங்கு உழைக்கும்.

தாங்கி மேல் செருகும் வகையில் தாங்கி ஹப்பிலேயே இருக்கும். லாக்ரிங்கைக் கழற்றினால் பல்சக்கரம் உருவிக்கொண்டு வரும். மரையைத் தொந்தரவு செய்யாமல் அடிக்கடி கியர் மாற்ற வேண்டிய பந்தயக்காரர்களுக்கு அருமையான ஏற்பாடு. தினமும் ஒரே கியரில் ஓட்டுபவருக்கு இதனால் லாபமில்லை. தளர்வதற்கு இன்னொரு இடம் கூடியதுதான் மிச்சம். ஆறு போல்ட் வகையில் மரை உரியும் பயமே இல்லை. 44 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு எம்5 போல்ட், டி25 சாவி, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். அதற்கான விலையைச் செயின் வரிசையில், அதாவது ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் தூரத்தில், கொடுக்க வேண்டும்: மரை வகைப் பல்சக்கரம் ஏறும் டிராக் ஹப்பில் அது 42 மில்லிமீட்டர், 135 மில்லிமீட்டர் அகல டிஸ்க் ஹப்பிலோ சுமார் 52. முன் செயின்வீலும் அதே தூரத்துக்கு வெளியே வர வேண்டும். மலைச் சைக்கிள் கிராங்க் மாட்ட இடமுள்ள ஃபிரேம் என்றால் தயங்காமல் இதை வாங்கலாம்.

எந்த வகையானாலும் செயின் தளர்வைச் சரியாக வைக்காவிட்டால் எல்லாம் வீண். கிராங்கைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். செயின்வீல்கள் அரிதாகவே கச்சிதமான வட்டம். அந்த இடத்தில், நடுச் செயின் மேலும் கீழுமாகச் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் அசைய வேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் தேயும். தளர விட்டால் செயின் கழன்று சக்கரத்தைப் பூட்டிவிடும். ஃபிக்ஸடில் இதைவிட ஆபத்து வேறில்லை. சக்கரத்தின் 15 மில்லிமீட்டர் நட்டுகளை 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை முடுக்குங்கள்.

புதுச் செயினில் 24 கண்ணிகள், கண்ணிகளை இணைக்கும் ஊசியின் நடுவிலிருந்து ஊசியின் நடு வரை, 304.8 மில்லிமீட்டர். 307ஐத் தொட்டதும் செயினை மாற்றிவிட்டால் எஃகுப் பல்சக்கரம் அடுத்த செயினுக்கும் தாங்கும். அதைத் தாண்டியும் ஓட்டினால் பற்கள் கொக்கிபோல வளையும், புதுச் செயின் அதில் உட்காராது. அப்போது இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டியிருக்கும்.