மாரியில் இறுதிச்சுற்று: வன்னி வீட்டுக்கு டிஷ் ரீவி சரிவருமா?

2023 டிசெம்பரில் ஜீ தமிழ் ரீவியின் பாட்டுப் போட்டியான சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பட்டத்தை யாழ்ப்பாணம் அரியாலைப் பிள்ளை கில்மிஷா வென்றார். டிசெம்பர் என்றால் வன்னிக்கு நடு மாரி. மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் மழை கொட்டுகிற இரவில் கடைசிப் பாட்டு வரைக்கும் படம் போகாமல் இருக்குமா? பாட்டுப் போட்டிக்காக டிஷ் எடுக்கிறவர் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான். பூட்டுகிறவர் வடிவாகப் பூட்டியிருந்தால் பெரும்பாலும் இருக்கும்.

டயலொக் டிஷ் பார்ப்பது 45 பாகை கிழக்கில் உள்ள செய்மதியை. கிளிநொச்சியிலிருந்து அது மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்வில், ஏறத்தாழ 48 பாகை உயரத்தில் இருக்கிறது. ஆகவே வளவின் மேற்குப் பக்கம் வெளியாக இருக்கவேண்டும். டிஷ்ஷைவிட 10 மீற்றர் உயர்ந்து நிற்கும் தென்னை, குறைந்தது 10 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். காற்றடிக்கும்போது மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ஓலைதான் குறுக்கே வருகிறது. ரீவியோடு இணைக்கும் டிஷ் பெட்டியை மாற்றிப் பயனில்லை.

தகரக் கூரையில் பூட்டவேண்டாம். தகரம் அதிரும், குரங்கு வந்து தொங்கும், இரண்டு பாகை விலகினாலே சிக்னல் போய்விடும். முற்றத்தில் ஒன்றரை இஞ்சி ஜீஐ பைப்பை கொங்கிறீற்றில் நட்டு, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்துப் பூட்டுவதே நல்லது. பைப் சரிந்திருந்தால் எவ்வளவு திருப்பினாலும் சிக்னல் முழுதாக ஏறாது.

கடும் மழையில் கொஞ்ச நேரம் படம் போவதை யாராலும் தடுக்கமுடியாது. டிஷ்ஷுக்கு வரும் அலையை மழைத்துளியே விழுங்கிவிடும். 60 சென்றிமீற்றருக்குப் பதில் 90 போட்டால் இரண்டேகால் மடங்கு சிக்னல் பிடிக்கும். படம் போகிற நேரம் குறையும். ஆனால் தூறலுக்கே படம் போனால் பிழை வானத்தில் இல்லை, வயர் முனையில். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலைப் பிடிக்கும் தலையான எல்என்பிக்குள் வயர் நுழையும் இடத்தில் தண்ணீர் இறங்கிச் செப்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெட்டி சில சானல்களுக்கு 13 வோல்ற்றும் மற்றவற்றுக்கு 18 வோல்ற்றும் அனுப்பும். பழுதான வயரில் 18 குறைந்து போவதால் பாதிச் சானல்கள் மட்டும் காணாமற்போகும். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, ரப்பர் உறை மாட்டி, உள்ளே போகுமுன் வயரைக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எல்என்பி மூடி வெடித்திருந்தால் குளவி கூடு கட்டும், அதையும் பாருங்கள்.

மார்ச் நடுவிலும் செப்ரெம்பர் கடைசியிலும் பின்னேரம் 3 மணியளவில் சில நிமிடம் படம் போகும். சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருவதே காரணம். ஆளைக் கூப்பிடத் தேவையில்லை.

சத்தம்தான் பெரிய குறை, அது டிஷ்ஷின் குறையில்லை. மெல்லிய ரீவிகளின் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்து இருக்கிறது. குரல் மட்டும் கீச்சென்று வரும், தவிலின் தொப்பிப் பக்கம் கேட்கவே கேட்காது. நடுவர்கள் எதைப் புகழ்கிறார்கள் என்பதே விளங்காது. பெட்டியின் சிவப்பு வெள்ளை ஓட்டைகளிலிருந்து பழைய பாட்டுச் செற் ஒன்றுக்கு வயர் கொடுங்கள். பெட்டியின் சத்தத்தை முழுதுக்குக் கிட்ட வைத்து, செற்றில் கூட்டிக் குறையுங்கள். புளூடூத் வேண்டாம், உதடு முந்தும், பாட்டு பிந்தும்.

போனில் பார்ப்பது கைக்காசுக்கு மலிவுபோலத் தெரியும். ஆனால் 480 தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரை ஜிபி போகும், வீடு முழுக்கக் கூடிப் பார்க்கவும் முடியாது. டிஷ்ஷுக்குச் சானல் பொதி எடுக்குமுன் நீங்கள் பார்க்கிற சானல் அதில் உண்டா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இடி முழங்கத் தொடங்குமுன்னரே பிளக்கோடு டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் டிஷ் வயர் வழியே பெட்டிக்குள் இறங்கலாம்.