அகலப்படுத்தும் பணி தொடங்கும் வரை: நெரிசல் நெடுஞ்சாலையில் எதை முதலில் செய்வது?

நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் திட்டம் நில எடுப்பு, நிதி ஒதுக்கீடு என்று ஆண்டுக்கணக்கில் இழுபடும்போதும், அதே சாலையில் வண்டிகள் நாள்தோறும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த இடைக்காலத்துக்குக் குறைந்த செலவில் செய்யக்கூடியவையாக நான்கு வழிகள் பேசப்படுகின்றன: சிக்னல் நேரத்தைத் திருத்துவது, திரும்பும் வண்டிகளுக்குத் தனித் தடம் ஒதுக்குவது, மையக்கோட்டில் அதிர்வுப் பட்டைகள் (டயர் ஏறினால் அதிர்ந்து சத்தம் எழுப்பும் மேடுபள்ள வரிகள்) பதிப்பது, வேகத்தைக் கண்காணிப்பது.

இவற்றில் செலவு மிகக் குறைந்தது சிக்னல் திருத்தம்தான். என்றோ எண்ணிய போக்குவரத்தை வைத்துக் குறித்த நேரங்களை இன்றைய ஓட்டத்துக்கு மாற்றினாலே வரிசை குறையும். பச்சையின் நீளத்தை மட்டும் பார்த்து மஞ்சளை விட்டுவிடக் கூடாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுவதால், மஞ்சள் ஒரு நொடி குறைந்தாலும் ஓட்டுநர் நிற்கவும் முடியாமல், கடக்கவும் முடியாமல் சந்திப்பின் நடுவே மாட்டிக்கொள்கிறார்.

ஆனால் பச்சை எரியும்போதே, எதிர்ச்சாரியைக் கடந்து திரும்புவதற்காக ஒரே ஒரு லாரி தடத்தை அடைத்துக்கொண்டு நின்றால், திருத்திய நேரமும் வீண்தான். பின்னால் வருபவர்கள் வரிசையாகப் பிரேக் பிடிக்கிறார்கள். பொறுமையிழந்த ஒருவர் சாலையோர மண்ணில் இறங்கி முந்துகிறார், அங்கே நடந்து போகிறவர் ஒதுங்க இடமில்லை. நெரிசலும் விபத்தும் ஒரே புள்ளியில் பிறப்பதால் தனித் தடத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். தலா 3.5 மீட்டர் அகலமுள்ள இரண்டு தடங்களும் இருபுறமும் 1.5 மீட்டர் தார் ஓரமும் உள்ள இடத்தில் மொத்தம் 10 மீட்டர் கிடைக்கும், அதில் 3.2 மீட்டர் வீதம் மூன்று தடங்களைப் பெயின்ட்டாலும், வளைந்து நிமிரும் பிளாஸ்டிக் கம்பங்களாலும் பிரித்துவிடலாம். இதற்கு விலையாகச் சாலையோரம் பறிபோகிறது என்பதை மறைக்கக் கூடாது. நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் தனிப் பாதை இல்லாத சந்திப்பில் இதைச் செய்வது தவறு. அங்கே குறுக்குத் திருப்பத்தை மூடி, சற்றுத் தள்ளி யூ-டர்ன் அமைப்பதே மேல். சாதாரண நான்குமுனைச் சந்திப்பில் வண்டிகள் மோதக்கூடிய 32 புள்ளிகள் இருப்பதை எண்ணினால், சில நிமிடச் சுற்று பெரிய இழப்பல்ல.

அதிர்வுப் பட்டைகள் தூக்கக் கலக்கத்தில் கோடு தாண்டுபவரை எழுப்புகின்றன. நேருக்கு நேர் மோதல் மிகுந்த, வீடுகள் தள்ளியிருக்கும் நீட்டங்களுக்கு அவை மிகப் பொருத்தம். ஊர்ந்து நகரும் நெரிசலுக்கு அவற்றால் பயனில்லை.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் ஆபத்து 4 சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நெரிசல் கலைந்து சாலை காலியாகும் இரவில்தான் வேகக் கண்காணிப்பு பெரிதும் தேவைப்படுகிறது. வெறும் வேகப் பலகை அந்த வேலையைச் செய்யாது. இரண்டு இடங்களுக்கிடையே ஆகும் நேரத்தை அளக்கும் கேமரா, ஓட்டுநரை அந்த நீட்டம் முழுக்கக் கட்டுப்படுத்தும்.

ஆகவே சிக்னல் திருத்தமும் தனித் தடமும் ஒரே மாதத்தில் சேர்ந்தே நடக்கட்டும், மற்றவை அந்தந்த நீட்டத்தின் விபத்துப் பதிவைப் பார்த்துத் தொடரட்டும். பணி முடிந்ததும் பொறியாளர்கள் ஒரு மழை இரவில் அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஈரத் தாரில் புதுக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், மறுநாளே ரிஃப்ளெக்டர்களைப் பதிக்க வேண்டும்.