கக்கூஸ் மணத்தோடு 12 வருடம்

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளையில். 2013 இல் கட்டி முடித்தோம். வீட்டுத்திட்டக் காசோடு கையில் இருந்ததையும் போட்டு, கக்கூஸை வீட்டோடு ஒட்டியே கட்டினோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இரவில் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வளவுக் கோடிக்கு நடக்கவிட எங்களுக்கு மனம் வரவில்லை. "வீட்டோட கட்டினா மணக்கும், பார்த்துச் செய்யுங்கோ" என்று பெரியப்பா அப்பவே சொன்னார். முதல் கோடையிலேயே மணக்கத் தொடங்கியது.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், தறப்பாள் சுற்றிய கக்கூஸுக்கு விடிய நாலு மணிக்கே வாளியோடு வரிசையில் நின்றவ அம்மா. அந்த மணம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவா. சொந்த வீட்டுக்குள்ளும் அதே மணம் என்றால் அவவுக்கு எப்படி இருந்திருக்கும்? அதனால் இதை ஒரு சின்ன விஷயமாக என்னால் விட முடியவில்லை. இத்தனை வருடமாகச் செய்து பார்த்ததில் எது சரிவந்தது, எது வரவில்லை என்று எழுதுகிறேன். இதே பிரச்சினையோடு வன்னியில் நிறைய வீடுகள் இருக்கின்றன.

முதல் மூன்று வருடமும் மணத்தை மூடி மறைக்கத்தான் பார்த்தோம். பினாயில் ஊற்றினோம், நப்தலீன் உருண்டை தொங்கவிட்டோம், ஊதுபத்தி கொளுத்தினோம். பினாயிலும் கக்கூஸும் கலந்து வருகிற மணம் தனி மணத்தைவிட மோசம். கடைசியில் கிழமைக்கு இரண்டு தரம் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றத் தொடங்கினேன். அது பெரிய பிழை. குழிக்குள் கழிவைத் தின்று கரைப்பவை பக்டீரியாக்கள். குளோரினை அளவுக்கு மீறி ஊற்றினால் அவையும் சாகும், கழிவு கரையாமல் தேங்கும், மணம் கூடும். ஒரு நாள் நான் குளோரின் ஊற்றியது தெரியாமல் மனைவி அமிலம் கலந்த கக்கூஸ் கழுவும் திரவத்தையும் ஊற்றிவிட்டா. கண் எரிந்து, இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தா. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய சின்ன அறையில் அது உயிரையே எடுக்கும். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: இரண்டையும் ஒரே நாளில் பாவிக்க வேண்டாம்.

2016 இல் மனைவியின் அண்ணன் நோர்வேயில் இருந்து வந்து எங்களோடு மூன்று கிழமை நின்றான். அவனிடம் அங்கே ஒரு சின்னப் பாய்மரப் படகு இருக்கிறது. எங்கள் கடலில் ஓடுகிற பைபர் போட்டுகளில் கக்கூஸ் என்ற பேச்சே இல்லை. அவனுடைய படகிலோ படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் ஒரு குடிலளவு இடத்துக்குள். "போட்டுக்குள்ள மணந்தா எழும்பிப் போக இடமில்லை மச்சான், சுத்திவரக் கடல்" என்றான். அதனாலேயே மணத்தைப் பற்றி நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான்.

அவனுடைய படகில் இருப்பது கைப்பம்பால் கடல் தண்ணீரை இழுத்துக் கழுவுகிற கக்கூஸ். அந்தத் தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிர்களும் குழாய்க்குள் வரும். படகைக் கட்டிவிட்டு ஒரு கிழமை போகாமல் விட்டால் அவை உள்ளேயே செத்து அழுகும். கடல் தண்ணீரில் சல்பேற்று என்ற உப்பும் நிறைய. காற்றுப்படாத இடத்தில் வாழும் பக்டீரியா அதை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும். கூழ்முட்டை மணம் என்கிறோமே, அதுதான். ஆகவே கரைக்கு வந்து படகைப் பூட்டுமுன் குழாயை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவானாம். கழிவு போகும் குழாயில் சிறுநீரும் கடல் தண்ணீரும் சேர்ந்து கல்லாகப் படியும், அதற்கு வினாகிரி. குழாய் பழசானால் மணம் அதன் சுவரையே ஊடுருவி வந்துவிடும். சுடுதண்ணீரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி வைத்து, ஆறியபின் எடுத்துத் துணியை மணந்து பார்ப்பான். துணி மணந்தால் குழாயை மாற்ற வேண்டியதுதான். கழிவுத் தாங்கியின் காற்றுக் குழாயும் அகலமாக இருக்க வேண்டுமாம். உள்ளே நல்ல காற்றோட்டம் இருந்தால் வேறு வகைப் பக்டீரியா பெருகும், அவை கூழ்முட்டை வாயுவை உண்டாக்குவதில்லை.

இதெல்லாம் கண்டாவளைக் கக்கூஸுக்கு எதற்கு என்று கேட்டேன். "மணம் எந்த வழியால வருதெண்டு முதல் பிடி. மருந்து பிறகு" என்றான்.

சாமியறையில் இருந்து ஊதுபத்தி ஒன்று எடுத்து வரச் சொன்னான். ஜன்னலையும் கதவையும் மூடினோம். நான் கக்கூஸ் பேசினுக்குள் ஒரு வாளி தண்ணீரைச் சடாரென்று ஊற்ற, அவன் குந்தியிருந்து ஊதுபத்தியைத் தரையோடு பிடித்தான். நூல் மாதிரி நேராக எழும்பிய புகை, பேசினுக்குப் பின்னால் சுவர் மூலையில் மட்டும் எங்கள் பக்கம் சாய்ந்தது. திரும்ப ஊற்றினேன். திரும்பவும் சாய்ந்தது. அந்த இடத்தை விரலால் தடவினால் சிமெந்துப் பூச்சில் மயிரளவு வெடிப்பு. அடுத்து தரைத் தண்ணீர் போகும் துளை. அங்கே புகை குபுக்கென்று மேலே தள்ளப்பட்டது. நாங்கள் குளிப்பது கிணற்றடியில், அதனால் அந்தத் துளைக்குத் தண்ணீர் போவதே இல்லை. கீழே குழாய் வளைவில் நின்று மணத்தைத் தடுக்க வேண்டிய தண்ணீர் எப்பவோ வற்றிவிட்டது. (மூடி திறந்த குழிக்குப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம். அங்கே தீப்பிடிக்கிற வாயு இருக்கும்.)

எனக்கு விஷயம் விளங்கியது அன்றைக்குத்தான். ஒரு வாளி தண்ணீர் குழிக்குள் போனால் ஒரு வாளி காற்று வெளியே வந்தாக வேண்டும். அதற்குச் சரியான வழி இல்லையென்றால் வெடிப்பாலும் துளையாலும் வீட்டுக்குள்தான் வரும். பேசின் வளைவில் நிற்கும் தண்ணீர் ஒன்றுதான் எங்களுக்கும் குழிக்கும் நடுவில் இருக்கிற கதவு. வாளியால் ஊற்றுகிற பேசின்களில் அது இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரம்தான். சோளகம் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் நாலைந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் அது இறங்கிவிடும்.

சரி, வெளியே போய்க் குழியின் காற்றுக் குழாயைப் பார்த்தோம். கட்டிய மேசன் ஆறடியில் பைப்பை நிறுத்தி, வளைவை ஜன்னல் பக்கம் திருப்பி விட்டிருந்தார். சோளகம் அடித்தால் குழி மணம் நேரே வீட்டுக்குள். மூன்று வருடம் அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பினாயில் ஊற்றியிருக்கிறோம்.

செய்தது இவ்வளவுதான். காற்றுக் குழாயை நாலு அங்குலப் பைப்பால் கூரை முகட்டுக்கு மேலே இரண்டடி உயர்த்தி, வாயில் நுளம்பு வலை கட்டினோம். வெடிப்பைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசினோம். தரைத் துளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சுண்டுத் தண்ணீர். பயணம் போகும்போது அதற்கு மேலே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். எண்ணெய் மிதந்து நிற்பதால் தண்ணீர் கெதியில் வற்றாது. ஒரு கிழமைக்குள் முக்கால்வாசி மணம் போய்விட்டது.

மிச்சக் கால்வாசி பேசினிலேயே இருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர். பேசின் வளைவுக்குள் மஞ்சளும் கபிலமுமாக ஒரு செதில் பிடித்திருந்தது. சிறுநீரும் தண்ணீரில் இருக்கும் கல்சியமும் சேர்ந்த படிவு அது, கையால் தட்டினால் கல். மேலே எத்தனை தரம் கழுவினாலும் அந்தச் செதில் சிறுநீரைப் பிடித்து வைத்து மணந்துகொண்டே இருக்கும். படகு வைத்தியம் அப்படியே பொருந்திய இடம் இதுதான். இரவு படுக்கப் போகுமுன் வளைவுத் தண்ணீரை முடிந்தளவு துணியால் ஒற்றி எடுத்து, ஒரு போத்தல் வினாகிரியை ஊற்றி விடியும்வரை விட்டேன். காலையில் தும்புத்தடியால் தேய்க்கச் செதில் துண்டு துண்டாகக் கழன்றது. முழுதும் போக நாலு இரவு எடுத்தது. பிறகு மாதம் ஒரு தரம் போதும். 2022 இல் விலைவாசி எகிறியபோது வினாகிரி வாங்குவதை விட்டுவிட்டு, பிழிந்த தேசிக்காய்த் தோல்களைச் சேர்த்து ஊறவைத்த தண்ணீரைப் பாவித்தோம். அது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் புதிதாகப் படியவிடவில்லை.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது குழியும் நிரம்பி, பேசினுக்குள்ளால் மேலே வந்துவிட்டது. அப்படியான நேரத்தில் எந்த வைத்தியமும் இல்லை. தண்ணீர் வற்றும்வரை பாவிக்காமல் விட்டோம், பிறகு குழியை இறைப்பித்தோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுக்குக் குளோரின் போட்டார். குளோரின் கிணற்றுக்குத்தான், குழிக்கு இல்லை. இறைத்த குழிக்குச் சிலர் சாணம் கரைத்து ஊற்றச் சொன்னார்கள், சிலர் ஈஸ்ட் போடச் சொன்னார்கள். ஒன்றும் போடவில்லை. தேவையான பக்டீரியா மலத்தோடேயே வருகிறது. பாவிக்கத் தொடங்க, குழி தானாகவே வழமைக்கு வந்தது.

2020 இல் திடீரென்று திரும்ப மணம். ஊதுபத்தியை எடுத்தேன். வெடிப்பு இல்லை, துளையில் தண்ணீர் நிற்கிறது, ஆனால் வாளி ஊற்றினால் பேசின் தண்ணீர் 'களுக்' என்று குமிழி விடுகிறது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், காற்றுக் குழாய் வலை முழுக்கச் சிலந்தி வலையும் குளவி கட்டிய மண்கூடும். தட்டிவிட்டு இறங்கினேன், அன்று இரவே சரி. இப்போது வருடம் இரண்டு தரம் பார்க்கிறேன். வலையைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், குழியில் இருந்து நுளம்பு கிளம்பும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழி மூடியைத் திறந்து உள்ளே குனியாதீர்கள், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கொஞ்சமாக இருக்கும்போது மூக்கைத் துளைக்கிற ஐதரசன் சல்பைட், 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவைத் தாண்டினால் மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும். மணம் நின்றுவிட்டது என்று நினைத்துக் குனிந்தவர்கள் அப்படியே விழுந்து செத்திருக்கிறார்கள். தூக்கப் போனவர்களும் பின்னால் விழுந்திருக்கிறார்கள்.

இப்போதும் முழுதாகத் தீராத ஒன்று மாரி. எங்கள் வளவு களித்தரை. கார்த்திகை மழை இறுகினால் உறிஞ்சு குழியில் இருந்து தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது, இரண்டு மூன்று நாள் பேசின் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். இரண்டாவது உறிஞ்சு குழி ஒன்று வெட்ட வேண்டும். கிணற்றில் இருந்து 30 மீற்றர் தள்ளி வைக்க நினைத்து நாடா பிடித்து அளந்தேன். வேலியோரம் முருங்கையடியில் மட்டும்தான் அவ்வளவு தூரம் கிடைக்கிறது. அம்மா முருங்கையை வெட்ட விடமாட்டா, ஆகவே மரத்துக்கு அங்கால் பக்கத்து வளவுக்காரரோடு கதைத்து வேலியைக் கொஞ்சம் நகர்த்தப் பார்க்கிறோம். அதற்கு முதல், ஐப்பசி மழை தொடங்குமுன் குழியை இறைப்பிக்க வேண்டும். நிலம் ஈரமானால் குழி இறைக்கும் பவுசர் வண்டி வளவுக்குள் புதைந்துவிடும்.