ஷோகேஸுக்குப் பின்சுவர் வேண்டுமா, வேண்டாமா?

புதிதாக ஜவுளிக்கடை போடுகிறவர்கள் தச்சரிடம் பேசும்போது தயங்கி நிற்கும் இடம் இது. கடை முகப்பில் தெருவைப் பார்த்த கண்ணாடிக்குள் துணியைக் காட்டும் இடத்தை எழுத்தில் 'காட்சிப்பேழை' என்போம். கடைத்தெருவில் அது ஷோகேஸ், உள்ளே நிற்பது பொம்மை.

செலவு
பின்சுவர்: பிளைவுட், தனி விளக்குகள், உள்ளே நுழைய ஒரு சின்னக் கதவு.
திறந்தது: கண்ணாடியும் மேடையும் போதும்.

பார்வை
பகலில் தெரு வெளிச்சம் கடை வெளிச்சத்தைவிட அதிகம். அதனால் ஷோகேஸ் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. வெளிர் நிறப் பின்சுவரும் பொம்மை மேல் நேராக விழும் விளக்கும் இருந்தால் இது நன்றாகக் குறையும். கறுப்புச் சுவர் வைத்தால் எதிர்க்கடைப் பெயர்ப்பலகைதான் தெரியும், தயவுசெய்து வேண்டாம்.
திறந்ததில், பின்னால் இருக்கும் அலமாரியின் அத்தனை நிறங்களோடும் சேலை போட்டி போட வேண்டும். முந்திச் சரிகை கண்ணில் படாது. ஆனால் உள்ளே நாலு பேர் துணி எடுப்பது தெரியும். அது தரும் நம்பிக்கையை எந்தப் பொம்மையும் தராது.

துணியின் ஆயுள்
வெயில் இரண்டிலும் சாயத்தை வெளுக்கும், சேலையை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். மூடிய பெட்டியில் சூடும் தங்கும். எல்இடி விளக்கு போட்டு, மேலே காற்றுக்கு வழி விடுங்கள்.

சுத்தம்
திறந்ததைத் துடைப்பது சுலபம், தூசியும் அதிகம்.

கல்யாணப் பட்டு விற்றால் பின்சுவர் வையுங்கள். சுடிதார், குழந்தை உடை, அகலம் குறைந்த கடை என்றால் திறந்தே விடுங்கள். இரண்டும் கலந்து விற்பவர்களுக்கு இடுப்பளவு தடுப்பு சரியாக இருக்கும்.